பிள்ளைகளே அமைக்கும் ஆடல்: பாடசாலை இசை நாடகத்தின் கதை

கடந்த ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ரொறன்ரோவிலிருந்து அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்தது. கொழும்பில் அப்பொழுது இரவு ஏழரை மணி, அங்கே காலை ஒன்பது. என்னிலும் பத்து வயது மூத்த அக்கா சுகம் விசாரித்து முடிப்பதற்கு முன்பே முறைப்பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, உந்தப் பள்ளிக்கூடத்திலை ஆட்டம் பழக்க ஒரு ரீச்சரும் இல்லையாமோ? பிள்ளையளைக் கொண்டே பிள்ளையளுக்குப் பழக்குவிக்கினம். இவள் படிப்பையும் விட்டிட்டு இரவிரவாக் கண்ணாடிக்கு முன்னாலை நிக்கிறாள். நீ ஒருக்காக் கதைச்சுச் சொல்லு."

'இவள்' என்பது அக்காவின் பேத்தி. ஸ்காபரோவில் உள்ள ஒரு பாடசாலையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் ஆண்டு அது. அவ்வாண்டு அப்பாடசாலை 'ஃபிட்லர் ஒன் த ரூஃப்' என்ற அமெரிக்க இசை நாடகத்தை மேடையேற்றவிருந்தது. அதன் சில காட்சிகளுக்கான நடனங்களை அமைத்துச் சக மாணவருக்குப் பழக்கும் பொறுப்பு அவளிடமும் இன்னொரு மாணவனிடமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

நானும் அக்காவின் பக்கமே நின்றேன் என்பதை மறைப்பதற்கில்லை. பணம் மிச்சம் பிடிப்பதற்காகப் பாடசாலை நிர்வாகம் கண்டுபிடித்த வழி இது என்றே எண்ணினேன். பிள்ளையை அழைத்து, பரீட்சை முடியும்வரையாவது இதனை விட்டுவிடும்படி சொன்னேன். பத்து ஆண்டுகள் பரதம் பயின்று அரங்கேற்றமும் கண்டவள் அவள். அமைதியாகக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஆடத் தெரியும். ஆட்டம் செய்யத் தெரியாது. அதைத்தான் இப்ப பழகுறன்."

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ஒரு விடயம் புரியாவிட்டால் அதன் பழைய கதையைத் தேடிப் பார்ப்பது பத்திரிகைத் தொழில் பழக்கிவிட்ட வழக்கம். வட அமெரிக்கப் பாடசாலைகளில் நடன அமைப்பு ஏன் மாணவரின் கைக்குப் போனது என்று தேடினேன். தேடியதில் கிடைத்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வணிகத்தையும் சட்டத்தையும் பார்ப்போம்.

அமெரிக்கப் பாடசாலையொன்று பிரோட்வே இசை நாடகத்தை மேடையேற்ற விரும்பினால், அதற்கான உரிமத்தைக் கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். இந்த உரிமங்களை வழங்குவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. 'ஒக்லஹோமா!' தந்த ரிச்சர்ட் ரொட்ஜர்ஸும் ஒஸ்கார் ஹமர்ஸ்டீனும் 1944இல் தமது பெயரிலேயே ஒரு நிறுவனத்தை அமைத்தனர். பாடலாசிரியர் பிராங்க் லெஸர் முதலானோர் 1952இல் 'மியூசிக் தியேட்டர் இன்டர்நஷனல்' நிறுவனத்தைத் தொடங்கினர். கட்டணம் செலுத்தியதும் வசனப் பிரதியும் இசைப் பிரதியும் கைக்கு வரும். ஆனால், மூல மேடையேற்றத்தின் நடனம் பொதுவாக அந்தப் பொதிக்குள் இராது. மிகச் சில நாடகங்களுக்கு மட்டுமே அதனைத் தனியாகக் கட்டணம் செலுத்திப் பெறலாம். ஏனையவற்றின் பிரதியில் 'இங்கே நடனம்' என்ற குறிப்பு இருக்கும். இசையும் இத்தனை நிமிடம் என்று எழுதப்பட்டிருக்கும். அந்த நிமிடங்களில் மேடையில் நிற்பவர்கள் என்ன செய்யவேண்டும் என்பதைப் பாடசாலையே தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏன் இவ்வாறு? நடனத்தைப் படைப்பாக ஏற்றுக்கொள்வதற்குச் சட்டம் நெடுங்காலம் தயங்கியது. லோயி புல்லர் என்ற புகழ்பெற்ற நடனமணி, தமது ஆடலை இன்னொருவர் நகலெடுத்து ஆடுகிறார் என்று 1892இல் நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தார். அந்த ஆடல் கதை எதனையும் சொல்லவில்லை, எனவே அது நாடகப் படைப்பு அல்ல என்று நீதிமன்றம் கைவிரித்தது. 1943 மார்ச் 31ஆம் திகதி நியூயோர்க்கில் அரங்கேறிய 'ஒக்லஹோமா!' 2,212 தடவைகள் தொடர்ந்து மேடையேறியது. அதன் நடனங்களை அமைத்த அக்னஸ் டி மில், ஆடலைக் கதையின் பகுதியாகவே மாற்றி, பின்வந்த இசை நாடகங்களின் போக்கையே திருப்பியவர். எனினும், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் இருந்த உரிமை ஆடலமைத்தவருக்கு இருக்கவில்லை. நடன அமைப்பாளரின் உரிமைக்காக அவர் தொடர்ந்து குரல் கொடுத்து வந்தார். 1952இல் ஹான்யா ஹோம், 'கிஸ் மீ கேட்' இசை நாடகத்துக்குத் தாம் அமைத்த நடனங்களை லாபான் குறியீட்டு முறையில் எழுதிப் பதிப்புரிமைக்குப் பதிவு செய்தபோது அது புதுமையாகப் பேசப்பட்டது. நடன அமைப்பு தன் பெயரிலேயே அமெரிக்கச் சட்டத்தில் இடம்பெற்றது 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில்தான். அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1978 ஜனவரி முதலாம் திகதி.

இதன் விளைவு இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. மூல நடனம் அதனை அமைத்தவருக்கு உரியது என்றானபின், திரைப்படத்தையோ காணொளியையோ பார்த்து அதனை அப்படியே மேடையில் ஆடுவது தவறாகிறது. 2006ஆம் ஆண்டு 'யூரின்டவுன்' என்ற இசை நாடகத்தின் பிரோட்வே நெறியாளரும் நடன அமைப்பாளரும், சிக்காகோவிலும் ஒஹாயோ மாநிலத்து அக்ரனிலும் நடந்த மேடையேற்றங்கள் தமது ஆக்கத்தை நகலெடுத்துவிட்டன என்று குற்றஞ்சாட்டினர். அவை பாடசாலை நாடகங்கள் அல்ல, தொழில்முறை அரங்குகள். ஆயினும் அந்தச் சர்ச்சை பாடசாலை ஆசிரியர்களுக்கும் ஓர் எச்சரிக்கையாக அமைந்தது. நடனத்தைப் புதிதாகவே அமைக்கவேண்டும்.

அதை அமைப்பது யார்? நாடகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் பெரும்பாலும் ஆங்கிலமோ நாடகமோ கற்பிப்பவர். இசையாசிரியர் பாடலையும் வாத்தியக் குழுவையும் பார்த்துக்கொள்வார். நடன ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏராளம். வெளியார் ஒருவரை அமர்த்தப் பணம் வேண்டும். அதேவேளை வகுப்பறையிலோ, சிறுவயது முதல் பலேயோ டாப் நடனமோ பரதமோ தனியாகப் பயின்ற பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களை நோக்கி ஆசிரியரின் கண் திரும்புவது இயல்பே. எனவே அக்காவின் சந்தேகம் முழுவதும் பிழையென்று சொல்லமுடியாது. பற்றாக்குறையும் இவ்வழக்கத்தின் ஒரு வேர்தான்.

இன்னொரு வேர் சற்று ஆழமானது. அதனைத் தேடிப் போனால் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்கிறோம்.

மார்கிரெட் ஹடப்ளர் அங்கே உயிரியல் படித்து 1910இல் பட்டம் பெற்றவர். அதன்பின் அதே பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குக் கூடைப்பந்து முதலிய விளையாட்டுகளைப் பயிற்றுவித்தார். 1916இல் மேற்படிப்புக்காக நியூயோர்க் புறப்பட்டபோது, பல்கலைக்கழகப் பெண்களுக்கு ஏற்ற ஒரு நடன முறையைக் கண்டறிந்து வரும்படி அவரது துறைத் தலைவி கேட்டுக்கொண்டார். ஹடப்ளருக்கோ நடனத்தில் ஆர்வம் இல்லை. நியூயோர்க்கில் அவர் பார்த்த நடன வகுப்புகளில் ஆசிரியர் ஆடிக் காட்டுவதும் மாணவர் அதைப் போலச் செய்வதுமே நடந்தன. ஓர் இசையாசிரியையின் வகுப்பில் மட்டும் மாணவரைத் தரையில் படுக்கவைத்து, உடல் எவ்வாறு அசைகிறது என்பதை அவர்களே உணரும்படி செய்ததைக் கண்டார். அந்தச் சிறு அனுபவத்தை எடுத்துக்கொண்டு 1917இல் ஊர் திரும்பி வகுப்பை ஆரம்பித்தார்.

அவர் வகுப்பில் ஆசிரியர் ஆடிக் காட்டுவதில்லை. மனித எலும்புக்கூடு ஒன்றைக் கொண்டு மூட்டுகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று விளக்குவார். பின்னர் மாணவியரே அசைவுகளைக் கண்டுபிடித்து ஆடல்களை அமைக்கவேண்டும். உயிரியல் படித்தவரின் நடன வகுப்பு அது. 1926இல் அப்பல்கலைக்கழகம் நடனத்தைப் பட்டப்படிப்புக்குரிய பாடமாக ஏற்றது. அமெரிக்காவில் அதுவே முதலாவது. அவரிடம் படித்துப் பட்டம் பெற்ற பெண்கள் பல மாநிலங்களுக்கும் ஆசிரியைகளாகச் சென்றனர். 1954இல் ஓய்வுபெற்று 1982இல் மறைந்த ஹடப்ளர், மேடையில் புகழ்பெற்ற ஆடற்கலைஞர் அல்லர். ஆயினும் நடனக் கல்வி என்பது பிறர் அமைத்ததைப் பிழையின்றி ஆடுவதோடு முடிவதில்லை, தானே ஒன்றை அமைப்பதும் அதில் அடங்கும் என்ற எண்ணம் அமெரிக்கக் கல்வியில் வேரூன்றியதற்கு அவரே முதற்காரணம் எனலாம்.

அந்த எண்ணம் அரச ஆவணங்களில் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. 1994இல் வெளியான அமெரிக்கத் தேசியக் கலைக்கல்வித் தராதரங்களில் இசை, நாடகம், காண்பியக்கலை ஆகியவற்றோடு நடனமும் தனிப்பாடமாக இடம்பெற்றது. ஆடல் அமைப்பின் நெறிகளை மாணவர் அறிந்திருக்கவேண்டும் என்பது அதில் ஒரு தராதரம். 2014இல் திருத்தியமைக்கப்பட்ட தராதரங்கள் நான்கு தலைப்புகளில் அமைந்தன. அவற்றில் முதலாவது 'படைத்தல்'. ஒன்ராறியோ மாகாணத்தின் பாடத்திட்டமும் நடனத்தில் படைத்தலை ஆற்றுகையோடு சேர்த்தே வைத்திருக்கிறது. ஆக, அக்காவின் பேத்தியிடம் அவளது ஆசிரியர் கேட்டது சலுகையுமல்ல, வேலைவாங்கலுமல்ல. பாடத்திட்டம் கேட்பதையே அவர் மேடையில் கேட்டிருக்கிறார்.

பாடசாலை மேடை படைப்பாளிகளை உருவாக்கியதற்கும் சான்றுகள் உண்டு. ஸ்டீவன் சொண்டைம் பதினைந்து வயதில் தமது பாடசாலைக்காக ஓர் இசை நாடகம் எழுதி, நண்பனின் தந்தையான ஒஸ்கார் ஹமர்ஸ்டீனிடம் காட்டினார். மிக மோசமாக இருக்கிறது என்று சொல்லிய ஹமர்ஸ்டீன், ஏன் மோசம் என்பதை அன்று பிற்பகல் முழுவதும் பக்கம் பக்கமாக விளக்கினார். அந்த ஒரு பிற்பகலில் கற்றது அதிகம் என்று சொண்டைம் பின்னர் பல தடவை நினைவுகூர்ந்தார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்குப் பாடல் வரிகள் எழுதியவர் அதே சொண்டைம். அந்த நாடகத்தை 1990களின் பிற்பகுதியில் நியூயோர்க்கின் ஹன்ரர் கல்லூரி உயர்நிலைப் பாடசாலையில் நெறிப்படுத்திய மாணவன்தான், 2015இல் 'ஹமில்ட்டன்' தந்த லின்-மனுவல் மிரண்டா.

இந்தக் கதையில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஹமர்ஸ்டீன் அந்தப் பையனைத் தட்டிக்கொடுத்துவிட்டு அனுப்பிவிடவில்லை. ஒரு பிற்பகலைச் செலவிட்டார். மாணவரிடம் பொறுப்பைக் கொடுப்பதும் மாணவரைக் கைவிடுவதும் ஒன்றல்ல.

பதினேழு வயதுப் பிள்ளை தன் வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை வரிசையில் நிறுத்துவது இலேசான காரியமல்ல. நேற்றுவரை அருகில் இருந்து உணவருந்திய தோழி இன்று 'உன் கால் பிழை' என்று சொல்வதை யார் விரும்புவர்? முன்வரிசையில் யாரை நிறுத்துவது என்ற முடிவில் எத்தனை நட்புகள் முறியும்? இவற்றை அறிந்த ஆசிரியர்கள் நாடகம் முழுவதையும் ஒரு பிள்ளையின் தலையில் சுமத்துவதில்லை. ஒன்றிரண்டு பாடல்களைக் கொடுத்து, முதலில் அதன் திட்டத்தைத் தாளில் வரைந்து வரச் சொல்வர். பாத்திரத் தெரிவைத் தம்மிடமே வைத்துக்கொள்வர். ஒருவரை ஒருவர் தூக்கும் அசைவுகளைத் தாம் பாராமல் அனுமதிக்கமாட்டார்கள். ஒத்திகையில் ஒரு மூலையிலாவது இருப்பர். அமைத்தவரின் பெயரை நிகழ்ச்சி நிரலில் அச்சிடுவர். இவற்றைச் செய்யாமல் பொறுப்பை மட்டும் கைமாற்றிவிடும் ஆசிரியர் மீது அக்கா கோபப்படுவதில் நியாயமுண்டு.

நமது மரபில் இதற்கு இடமிருந்ததா என்ற கேள்வி எழலாம். கூத்துக் களரியில் அண்ணாவியாரின் சொல்லே முடிவு. நட்டுவாங்கம் செய்யும் குருவின் அமைப்பை மாற்றுவது மாணவிக்குத் தோன்றாத எண்ணம். அந்த ஒழுங்கு இல்லாவிடில் இந்தக் கலைகள் நமக்கு வந்து சேர்ந்திருக்கா என்பதும் உண்மை. எனினும் 1960களின் பேராதனையை மறந்துவிட முடியாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்' 1962இல் மேடையேறியது. 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்பன தொடர்ந்தன. கிராமத்திலிருந்து கூத்தை உடலில் சுமந்துவந்த மாணவர்கள் அங்கே வெறும் ஆட்டக்காரராக நிற்கவில்லை. அவர்களுள் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, அதே 'இராவணேசனை' மட்டக்களப்பில் தாமே புதிதாக நெறிப்படுத்தி மேடையேற்றினார். பேராசிரியரின் மேற்பார்வையும் மாணவரின் ஆக்கமும் ஒன்றையொன்று விழுங்காமல் இருந்த காலம் அது.

இனி, ஸ்காபரோ பாடசாலை தெரிந்தெடுத்த நாடகத்துக்கு வருவோம்.

'ஃபிட்லர் ஒன் த ரூஃப்' 1964 செப்டெம்பர் 22ஆம் திகதி நியூயோர்க்கில் அரங்கேறியது. யித்திய மொழி எழுத்தாளர் ஷோலம் அலெய்க்கெமின் கதைகளைத் தழுவியது. சார் மன்னராட்சிக் கால ரஷ்யாவில், 1905ஆம் ஆண்டளவில், ஒரு யூதக் கிராமத்துப் பால்காரரின் குடும்பத்தைச் சுற்றிய கதை. மூன்று பெண்பிள்ளைகள் தமக்குப் பிடித்தவரை மணக்க, தகப்பனாரின் மரபு ஒவ்வொன்றாக உடைகிறது. முடிவில் கிராமம் முழுவதையும் வெளியேறும்படி ஆணை வருகிறது. மூட்டை முடிச்சுகளோடு சனங்கள் நடக்கத் தொடங்குகிறார்கள்.

அதனை நெறிப்படுத்தி நடனமும் அமைத்தவர் ஜெரோம் ரொபின்ஸ். ஆறு வயதில் தாயோடு சென்று தம் குடும்பத்தின் பூர்வீகக் கிராமத்தைப் பார்த்தவர். இரண்டாம் உலகப் போரின் யூத இனப்படுகொலையில் அக்கிராமத்தின் யூதச் சமூகம் அழிந்துபோனது. நாடகத்தைத் தயாரித்த காலத்தில் ரொபின்ஸ் நியூயோர்க்கில் மரபுவழி யூதர்களின் திருமண வீடுகளுக்குச் சென்று ஆண்கள் ஆடுவதைப் பார்த்திருந்தார். ஒரு வீட்டில் ஒருவர் தலையில் போத்தலை நிறுத்தி வேடிக்கை காட்டினார். அதிலிருந்து பிறந்ததே உலகறிந்த போத்தல் நடனம்.

பாடசாலை மேடையில் இந்நாடகத்தின் வரலாறும் சாதாரணமானதல்ல. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில், கறுப்பின மக்களுக்கும் பெரும்பாலும் யூதர்களான ஆசிரியர்களுக்கும் இடையே கசப்பு முற்றியிருந்த வேளையில், 1969இல் பிரவுன்ஸ்வில் பாடசாலையொன்றின் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள் இதனை மேடையேற்றினர். அதனை நெறிப்படுத்திய ஆசிரியர் ரிச்சர்ட் பைரோ பின்னர் ஒரு நூலும் எழுதினார். தொலைக்காட்சி விவரணப்படமும் வந்தது. இன்னொருவரின் இழப்பைத் தன் உடலால் ஆடிப்பார்க்க ஒரு பிள்ளையால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

பங்குனி மாதம் அக்காவின் பேத்தியே எனக்கு அழைப்பெடுத்தாள். இறுதிக் காட்சியில் சனங்கள் ஊரைவிட்டுப் போவதை அமைக்கும் பொறுப்பு அவளுடையது. அழுதுகொண்டு நடப்பதும், வானத்தைப் பார்த்துக் கையை விரிப்பதுமாக எது செய்தாலும் பொய்யாக இருக்கிறது என்றாள். "தொண்ணூற்றைந்திலை நீங்கள் எப்பிடி நடந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

நான் நடக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் வெளியேறியபோது, நான் கொழும்பில் பத்திரிகை அலுவலகத்தில் இருந்து செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். 'இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தனர்' என்றுதான் எழுதினேன். நடந்தவர் அக்கா. பதினைந்து வயது மகளையும், ஒரு சைக்கிளையும், இரண்டு பைகளையும் கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர். அந்த இரவைப் பற்றி அவர் எங்கள் எவரிடமும் விரிவாகப் பேசியதில்லை. "அம்மம்மாவைக் கேள்" என்று மட்டும் சொன்னேன்.

கேட்டிருக்கிறாள். அக்கா சொல்லியுமிருக்கிறார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

சித்திரையில் நாடகம் மேடையேறியது. முறைப்பாட்டோடு தொடங்கிய அக்கா முதல் வரிசையில் இருந்து பார்த்துவிட்டு, மறுநாள் எனக்கு அழைப்பெடுத்தார். நிகழ்ச்சி நிரலில் பேத்தியின் பெயர் 'நடன அமைப்பு' என்ற தலைப்பின் கீழ் அச்சாகியிருந்ததைச் சொன்னார். பரீட்சைப் புள்ளி குறையவில்லை என்பதையும் சொல்ல மறக்கவில்லை. இறுதிக் காட்சியில் பிள்ளைகள் ஒரு அடி வைப்பதும், நெடுநேரம் நிற்பதும், பின்னர் மீண்டும் ஒரு அடி வைப்பதுமாக மேடையைக் கடந்தார்களாம். இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தாயொருவர், பிள்ளைகள் ஆட்டத்தை மறந்துவிட்டார்களோ என்று காதுக்குள் கேட்டாராம்.

"நான் ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி," என்றார் அக்கா. "அண்டைக்குச் சனம் நடக்கேல்லை. பாலத்திலை நிண்டது. நீங்கள்தான் பேப்பரிலை நடந்தது எண்டு எழுதினீங்கள்."